கண்ணால் கண்ட பொய்

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் ஒரு நிகழ்வை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லி வந்தேன். வடதுருவத்தை ஒட்டிய குளிர்நாடுகளில் லெம்மிங் என்றொரு சிற்றுயிர் உண்டு, எலிக்கு உறவானது. அதன் இனம் அளவுக்கு மீறிப் பெருகும் ஆண்டுகளில், அவை பெருங்கூட்டமாகத் திரண்டு ஓடும். முன்னே போவது எங்கே போகிறது என்று பின்னே வருவது பார்ப்பதில்லை. கடைசியில் கடலோரப் பாறையின் விளிம்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்து மடிந்துபோகும். இதைச் சொல்லி, "ஊர் போகிறதே என்று நீங்களும் போகாதீர்கள்" என்று முடிப்பேன். வகுப்பில் சற்று நேரம் பேச்சே எழாது. ஒருமுறை ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "இது உண்மையா, சார்?" என்று கேட்டான். "படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள், தம்பி" என்று விடை சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

பணி ஓய்வுக்குப் பிறகு, வேறெதையோ படித்துக்கொண்டிருக்கையில்தான் உண்மை தெரிய வந்தது. அந்தக் காட்சி இடம்பெற்ற 'ஒயிட் வைல்டர்னஸ்' என்னும் ஆவணப்படம் 1958-இல் வெளிவந்தது. சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. 1982-இல் கனடா நாட்டுத் தொலைக்காட்சியினர் அதன் பின்னணியைத் துருவி ஆராய்ந்தார்கள். லெம்மிங்குகள் இயல்பாக வாழாத, கடற்கரையே இல்லாத ஆல்பர்ட்டா மாநிலத்தில் அந்தக் காட்சி எடுக்கப்பட்டிருந்தது. வேறு மாநிலத்திலிருந்து அவற்றை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்திருந்தார்கள். சுழலும் மேடையொன்றில் பனியைப் பரப்பி, அதன்மேல் ஓடவிட்டு, சில உயிர்களைப் பெருங்கூட்டமாகத் தோன்றச் செய்திருந்தார்கள். கடல் என்று காட்டப்பட்டது ஓர் ஆறு. அவை தாமாகக் குதிக்கவில்லை, மனிதர்கள் தள்ளிவிட்டார்கள்.

லெம்மிங்குகள் பெருகும்போது இடம்பெயர்வது உண்மை. நீர்நிலைகளைக் கடக்க முயன்று சில மூழ்கிப்போவதும் உண்டு. ஆனால் கூட்டமாகச் சாவைத் தேடிப் போகும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. அந்த நம்பிக்கை படத்திற்கு முன்பே மக்களிடம் இருந்தது. படம் செய்ததெல்லாம், கேள்விப்பட்ட ஒரு கதைக்குக் கண்கண்ட சாட்சியை உண்டாக்கித் தந்ததுதான். அந்தச் சாட்சியை நம்பி நான் எத்தனை ஆண்டுகள், எத்தனை பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன்! தெரியாமல் சொன்னது பொய்யாகாது என்று அறிவு ஆறுதல் கூறியது. ஆனால் எழுந்து நின்று கேட்ட அந்தப் பையனை உட்கார வைத்தேனே, அது மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த முள்ளிலிருந்து எழுந்ததே இச்சிந்தனை.

ஆவணம் என்னும் வாக்குறுதி

கதைப்படம் பார்க்கப் போகிறவர் ஏமாறுவதில்லை. திரையில் ஒருவர் இறந்தால் கண்ணீர் விடுகிறோம். வெளியே வந்ததும் அந்த நடிகர் நலமாக இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே பேசப்படாத ஓர் உடன்படிக்கை இருக்கிறது. ஆவணப்படம் வேறு உடன்படிக்கையோடு வருகிறது. ஆவணம் என்பது நம் வாழ்வில் எவ்வளவு கனமான சொல்! நிலத்தை விற்றாலும் வாங்கினாலும், சாட்சிகளின் கையொப்பத்தோடு பதிவு அலுவலகத்தில் வைக்கப்படுவது ஆவணம். "இது நடந்தது, நான் சாட்சி" என்பதே அச்சொல்லின் உட்பொருள். ஆங்கிலத்தில் இவ்வகைப் படங்களுக்கு வழங்கும் சொல்லுக்கும் வேர் அதுவே. 1926-இல் அச்சொல்லை ஒரு படத்தைப் பற்றிய மதிப்புரையில் கையாண்டு நிலைபெறச் செய்தவர் ஜான் கிரியர்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவரே பின்னாளில், நடப்பை ஆக்கத்திறனோடு கையாளுவதே ஆவணப்படம் என்று விளக்கம் தந்தார். ஆக்கத்திறன் என்னும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆவணப்படங்களுக்கெல்லாம் மூத்தது என்று போற்றப்படும் 'நானூக் ஆஃப் த நார்த்' 1922-இல் வெளிவந்தது. ராபர்ட் ஃபிளகர்ட்டி என்பவர் கனடாவின் வடபகுதியில் இனுயிட் மக்களோடு தங்கி எடுத்த படம் அது. நாயகனின் உண்மைப் பெயர் நானூக் அன்று. அவருடைய மனைவியாகக் காட்டப்பட்டவர் அவருடைய மனைவி அல்லர். துப்பாக்கி பழக்கத்திற்கு வந்துவிட்ட காலத்தில், பழைய முறைப்படி ஈட்டியால் வேட்டையாடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பனிக்குடிலுக்குள் வெளிச்சமும் படக்கருவியும் புகுவதற்காக, ஒரு பக்கம் திறந்த குடில் ஒன்றைக் கட்டினார்கள். இவற்றை அறிந்த பின்னும் அந்தப் படத்தைப் பொய் என்று தள்ளிவிட மனம் வருவதில்லை. அம்மக்களின் முன்னோர் அப்படி வாழ்ந்தது மெய்தான். ஆயினும் எல்லைக்கோடு அன்றே சற்று அழிந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விளையாட்டுப் பொய்

எல்லைக்கோட்டை வேண்டுமென்றே அழித்து விளையாடியவர்களும் உண்டு. 1957 ஏப்ரல் முதல் நாள், பி.பி.சி. தொலைக்காட்சியின் 'பனோரமா' என்னும் செய்தி நிகழ்ச்சியில் மூன்று மணித்துளிக்கும் குறைவான ஒரு காட்சி இடம்பெற்றது. சுவிட்சர்லாந்தின் டிச்சினோ பகுதியில் ஸ்பகெட்டி அறுவடை அமோகமாக இருக்கிறதாம். மரக்கிளைகளிலிருந்து சேமியாவைப் போல நீண்டு தொங்கும் இழைகளைப் பெண்கள் பறித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். வருணனை செய்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. அரச விழாக்களையும் போர்ச் செய்திகளையும் நாட்டுக்கு எடுத்துரைத்த, மக்கள் மதித்த குரல். மாவைப் பிசைந்து செய்யும் அந்த இத்தாலிய உணவு அக்கால இங்கிலாந்தில் பலருக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லாதது. அந்தச் செடியை வளர்ப்பது எப்படி என்று கேட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்தார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்கும் சிரிப்பு வருகிறது, சினம் வருவதில்லை. ஏன்? யாருக்கும் இழப்பில்லை. முட்டாள்கள் தினம் என்று நாட்காட்டியே காட்டிக்கொடுத்துவிட்டது. ஏமாந்தவரும் மறுநாள் சேர்ந்து சிரித்தார். அதே வேளையில் சிரிப்புக்கு நடுவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் நம்பியது அந்தக் காட்சியை அல்ல, அந்தக் குரலை. பல்லாண்டுகள் உண்மை பேசிச் சேர்த்த நம்பிக்கை என்னும் பணத்திலிருந்து, விளையாட்டுக்காகச் சிறு காசு செலவழிக்கப்பட்டது.

பொய்யைப் பற்றி ஆழ்ந்து எண்ணியவர்களுள் புனித அகுஸ்தினாருக்கு இணையானவர் அரிது. அதற்கென்றே இரு நூல்கள் எழுதினார். எவ்வளவு நல்ல நோக்கத்திற்காகவும் பொய் சொல்லலாகாது என்பது அவருடைய உறுதியான நிலை. அப்படிப்பட்டவர்கூட வேடிக்கைப் பேச்சைப் பொய்யின் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்பவரின் தொனியும் மனநிலையுமே ஏமாற்றும் எண்ணமில்லை என்பதைக் காட்டிவிடுகின்றன என்பது அவர் கருத்து. திருமுழுக்குப் பெறுவதற்கு முன், தம் அறிவோடு தாமே உரையாடுவதாக எழுதிய இன்னொரு நூலில் இன்னும் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ஏமாற்ற விரும்புகிறவன் வேறு. மகிழ்விப்பதற்காக இல்லாததைப் புனைகிறவன் வேறு. ரோசியஸ் என்னும் உரோமை நடிகர் மேடையில் எக்குபா என்னும் அரசியாக வந்தால், அவர் பொய்யான எக்குபா. ஆனால் மெய்யான நடிகர். பொய்யான எக்குபாவாக இல்லாவிட்டால் அவர் மெய்யான நடிகராக இருக்க முடியாது.

இந்த அளவுகோலை நம் பொருளின்மீது வைத்துப் பார்ப்போம். மேடை இருக்கும்வரை நடிகர் பொய்யரல்லர். போலி ஆவணப்படம் செய்வது என்னவென்றால், மேடையை மறைத்துவிடுகிறது. வேடிக்கையைப் பொய்யிலிருந்து காப்பாற்றுவது தொனி என்றார் அகுஸ்தினார். இங்கோ செய்தி வாசிப்பவரின் தொனியே வேடமாகிறது. ஆகவே புனித தோமா அக்குவினாவின் பகுப்பு இங்கே கூடுதல் வெளிச்சம் தருகிறது. பொய்யை அவர் பயனுக்காகச் சொல்வது, விளையாட்டுக்காகச் சொல்வது, தீங்குக்காகச் சொல்வது என மூன்றாகப் பிரித்தார். விளையாட்டுப் பொய்யையும் அவர் குற்றமற்றதாக விட்டுவிடவில்லை. குற்றத்தின் கனம் குறைவு என்றே சொன்னார்.

விளையாட்டு முடியாதபோது

விளையாட்டு, விளையாட்டாகவே முடிந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. 1977 ஜூன் 20 அன்று இங்கிலாந்தின் ஆங்லியா தொலைக்காட்சி 'ஆல்டர்நேட்டிவ் 3' என்னும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பூமி அழியப்போகிறது, அதை அறிந்த வல்லரசுகள் அறிவியலாளர்களை இரகசியமாகச் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்பது கதை. ஏப்ரல் முதல் நாளுக்கென்று எடுத்தது, ஜூன் மாதத்தில்தான் வெளிவந்தது. முடிவில் நடிகர்களின் பெயர்களும் ஏப்ரல் முதல் நாள் என்ற தேதியும் காட்டப்பட்டன. அப்படியும் கலங்கிய மக்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். அதைவிட வியப்பு, பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அது உண்மை என்று வாதிட்டவர்கள் இருந்ததுதான். "கற்பனை" என்ற மறுப்பையே அவர்கள் உண்மையை மூடிமறைக்கும் சூழ்ச்சிக்குச் சான்றாகக் காட்டினார்கள்.

1995 அக்டோபர் 29 அன்று நியூசிலாந்து தொலைக்காட்சியில் 'ஃபர்காட்டன் சில்வர்' வெளிவந்தது. இயக்கியவர்கள் பீட்டர் ஜாக்சனும் கோஸ்டா போட்டஸும். காலின் மெக்கன்சி என்ற மறக்கப்பட்ட மேதை ஒருவர் தம் நாட்டில் வாழ்ந்ததாகவும், திரைப்படக் கலையின் புதுமைகளை உலகத்திற்கு முன்னரே கண்டுபிடித்ததாகவும் அது காட்டியது. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பரில் பறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, ரிச்சர்ட் பியர்ஸ் என்ற நியூசிலாந்து உழவர் பறந்ததை மெக்கன்சி படம் பிடித்தாராம். பியர்ஸ் உண்மையில் வாழ்ந்தவர். பறக்கும் பொறியைச் செய்தவர். அவர் முந்திப் பறந்தாரா என்பது இன்றளவும் உறுதிப்படாத ஒன்று. மெக்கன்சியோ முழுக்க முழுக்கக் கற்பனை.

உண்மை வெளியானபோது சிலர் சிரித்தார்கள், பலர் சீறினார்கள். அவர்களுடைய சினத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. ஒரு சிறிய நாட்டு மக்கள், தங்களுக்கும் உலகம் மதிக்கும் ஒரு பெருமகன் இருந்தான் என்று ஓர் இரவு மகிழ்ந்திருந்தார்கள். மறுநாள் அந்த மகிழ்ச்சியை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி, அதை நம்பியதற்காக வெட்கப்படவும் வைத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் வருவதையெல்லாம் நம்பாதீர்கள் என்ற பாடத்தைக் கற்பித்தோம் என்று இத்தகைய படைப்பாளிகள் சார்பில் சொல்லப்படுவதுண்டு. பாடம் நல்லதே. ஆனால் மாணவன் கீழே விழுந்த பின் ஆசிரியர் கைதட்டுவது நல்ல கற்பித்தலாகுமா?

இவ்வகையில் மிகவும் துயரமானது, 1992 அக்டோபர் 31 இரவு பி.பி.சி. ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்'. இலண்டனில் ஒரு வீட்டில் பேய் நடமாடுவதை நேரடி ஒளிபரப்பாகக் காட்டுவது போல அமைத்திருந்தார்கள். முன்கூட்டியே எழுதி, நடித்து, பதிவு செய்யப்பட்ட நாடகம் அது. எழுதியவர் ஸ்டீபன் வோல்க் என்ற பெயர் தொடக்கத்தில் காட்டப்பட்டது உண்மைதான். ஆனால் நிகழ்ச்சியை நடத்தியவர் மக்களுக்குப் பல்லாண்டு பழகிய மைக்கேல் பார்க்கின்சன். உடன் வந்தவர்களும் குழந்தைகளுக்கு அறிமுகமான தொலைக்காட்சி முகங்கள். நேயர்கள் அழைக்கத் திரையில் தந்த தொலைபேசி எண்ணும் மற்ற நிகழ்ச்சிகளில் வழக்கமாகத் தரப்பட்டதே. இணைப்புக் கிடைத்தவர்களுக்கு இது கற்பனை என்று தெரிவிக்கப்பட்டது. பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. அதைப் பார்த்து அஞ்சிய இளைஞர் ஒருவர் சில நாள்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சியே காரணம் என்று பெற்றோர் முறையிட்டனர். அச்சத்தால் மனநலம் பாதிக்கப்பட்ட சிறுவர்களைப் பற்றி மருத்துவ இதழொன்று 1994-இல் எழுதியது. ஏமாற்றத்தைச் சாடையாகக் காட்டியது போதாது, அதற்கு மேலும் செய்திருக்க வேண்டும் என்று ஒளிபரப்பு நெறிகளைக் கண்காணிக்கும் அமைப்பு கண்டித்தது.

அந்த நாடகத்தை எழுதியவர்கள் யாருடைய சாவையும் விரும்பியவர்கள் அல்லர். தங்கள் எதிரே அமர்ந்திருக்கும் இலட்சக்கணக்கானவர்களுள் வலியவர் யார், மெலியவர் யார் என்று அவர்களால் அறிய முடியவில்லை, அவ்வளவே. திண்ணையில் கதை சொல்லும் பாட்டி, குழந்தையின் முகம் மாறுவதைக் கண்டால் கதையை நிறுத்தி மடியில் அணைத்துக்கொள்வாள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு அந்தக் கண் இல்லை.

நாத்தான் சொன்ன கதை

அப்படியானால் கற்பனையை உண்மைபோலச் சொல்வதே குற்றமா? விவிலியத்தை அறிந்தவர்கள் இங்கே தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. சாமுவேல் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகும்படி செய்திருந்தார். இறைவாக்கினர் நாத்தான் அவர்முன் வந்து ஒரு வழக்கை எடுத்துரைக்கிறார். ஏராளமான ஆடுகளை உடைய செல்வன் ஒருவன், மகளைப் போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியை ஏழையிடமிருந்து பறித்து விருந்தாளிக்குச் சமைத்தான் என்கிறார். இது கதை என்று அவர் சொல்லவில்லை. தாவீதும் உண்மை வழக்கென்றே நம்பி, சினங்கொண்டு தீர்ப்பு வழங்கிவிடுகிறார். தீர்ப்பு வாயிலிருந்து வந்த மறுகணமே, அந்தச் செல்வன் வேறு யாருமல்லன், அரசரே என்று நாத்தான் சுட்டிக்காட்டுகிறார்.

நாத்தானும் ஒருவகையில் போலி ஆவணம் ஒன்றைத் தயாரித்தவர்தாம். ஆனால் அவர் செய்தவற்றில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, அந்த வேடம் சில கணங்களே நீடித்தது. அதை அவிழ்த்தவரும் அவரே. அவிழ்ப்பதுதான் கதையின் நோக்கமே. இரண்டாவது, கதையால் காயம்பட்டவர் வலியவர். காக்கப்பட்டது எளியவனின் நீதி. மூன்றாவது, சொன்னவருக்கு ஆதாயம் ஏதுமில்லை. அரசன் கோபித்தால் தலை போகும் ஆபத்து ஒன்றே இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அந்தப் புனைவு பொய்யாகாமல் உண்மையின் வாயிலாக அமைந்தது. ஆண்டவர் இயேசு சொன்ன நல்ல சமாரியர் கதையிலோ இந்த இடர்ப்பாடுகூட இல்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன அந்த மனிதனின் பெயரென்ன, ஊரென்ன என்று கேட்டவர்கள் யாரும் விசாரிக்கவில்லை. அது உவமை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இம்மூன்று கேள்விகளையும் துலாக்கோலாகக் கொண்டால் பல படைப்புகளை நிறுத்துப் பார்க்கலாம். பீட்டர் வாட்கின்ஸ் என்பவர் 1965-இல் பி.பி.சி.க்காக 'த வார் கேம்' என்ற படத்தை எடுத்தார். இங்கிலாந்தின்மீது அணுகுண்டு விழுந்தால் கென்ட் பகுதி மக்கள் என்ன ஆவார்கள் என்பதை ஆவணப்பட நடையில் காட்டினார். நடக்காத நிகழ்ச்சி, ஆனால் நடந்தால் இப்படி இருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிக் காட்டியது. பார்ப்பவரை அது ஏமாற்றவில்லை, எச்சரித்தது. அந்தப் படத்தைத்தான் அஞ்சி, 1985 வரை தொலைக்காட்சியில் காட்டாமல் நிறுத்திவைத்தார்கள். திரையரங்குகளில் வெளிவந்து, ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. மெய்யென்று சொல்லிப் பொய்யைக் காட்டிய லெம்மிங் படத்திற்கும் அதே விருது. கற்பனையைக் கற்பனையாகவே காட்டி மெய்யைச் சொன்ன இந்தப் படத்திற்கும் அதே விருது. விருதுகளின் தராசில் உண்மையை நிறுக்க முடியாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மறுபக்கம் பாருங்கள். 2012-இல் 'அனிமல் பிளானட்' தொலைக்காட்சி, கடற்கன்னியின் உடல் கண்டெடுக்கப்பட்டதாக ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. நடிகர்களே அறிவியலாளராக வந்தார்கள். கற்பனை என்ற குறிப்பு கண்ணில் படாதபடி ஒதுங்கிக் கிடந்தது. கடைசியில் அமெரிக்க அரசின் கடலாய்வு நிறுவனம், கடலில் மனித உருக்கொண்ட உயிர்கள் இருப்பதற்குச் சான்று கிடைத்ததில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 2013-இல் 'டிஸ்கவரி' தொலைக்காட்சி, பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன மெகலோடான் என்னும் மாபெரும் சுறா இன்னும் உயிரோடிருப்பதாக இதே போலக் காட்டியது. இங்கே வேடம் அவிழ்க்கப்படவில்லை; வலியவர் எவரும் கண்டிக்கப்படவில்லை; ஆதாயம் மட்டும் ஒளிபரப்பியவருக்குக் கிட்டியது. நாத்தானின் மூன்று கேள்விகளுக்கும் இங்கே விடை எதிர்மாறாகவே வருகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு படமும் உண்டு. வில்லியம் கரேல் என்பவர் 2002-இல் பிரான்சில் எடுத்தது. 1969-இல் மனிதன் நிலவில் இறங்கிய காட்சிகளை ஸ்டான்லி கூப்ரிக் படப்பிடிப்பு அரங்கில் எடுத்தார் என்று அது கதை கட்டியது. கிசிஞ்சர் போன்ற உண்மையான தலைவர்களின் பேச்சையே வெட்டி ஒட்டி, வேறு பொருள்படச் செய்திருந்தார். படத்தின் இறுதியில் எல்லாமே நாடகம் என்று அவரே நகைத்துக் காட்டிவிட்டார். காட்சிகளை எவ்வளவு எளிதாகத் திரிக்கலாம் என்று விளக்குவதே அவர் நோக்கம். முழுப்படத்தையும் பார்ப்பவர் தெளிவு பெறுவார். ஆனால் அதன் துண்டுகள், முடிவின்றித் தனியே வெட்டப்பட்டு, நிலவுப் பயணம் பொய் என்பதற்குச் சான்றாகப் பரவின. அரசரின் தீர்ப்புக்குப் பிறகு நாத்தான் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இங்கே கதை மட்டும் ஊர் ஊராகப் போகிறது. நாத்தான் உடன் போக முடிவதில்லை.

பொதுக் கிணறு

நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். அந்தக் குறளில் அவர் நன்மைக்கு முன்னே வைத்த அடைமொழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குற்றம் நீங்கிய நன்மை என்பதே அவர் வைத்த நிபந்தனை. யாருக்கும், எவ்விதத்திலும் தீங்கு ஒட்டாத நன்மையை உண்டாக்குவேன் என்று துணிந்து சொல்லத்தக்க படைப்பாளி யார்?

தீங்கு எங்கே ஒட்டுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொய் நம்பப்படுவது முதல் தீங்கு, அது சிறியது. ஸ்பகெட்டி மரத்தில் காய்ப்பதாக ஒருவர் ஒரு வாரம் நம்பினால் உலகம் கெட்டுவிடாது. உண்மை நம்பப்படாமல் போவதே பெரிய தீங்கு. நம்பிக்கை என்பது ஊர்ப் பொதுக் கிணறு போன்றது. ஒருவர் விளையாட்டாகத்தான் உப்பைக் கொட்டினார். ஆனால் குடிக்க வருகிறவர் எல்லாருக்கும் தண்ணீர் கரிக்கும்.

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டானியப் படையினர் ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தனர். அங்கே கண்டவற்றைப் படைவீரர்களே படம் பிடித்தார்கள். சிட்னி பெர்ன்ஸ்டீன் என்பவர் அவற்றை ஆவணப்படமாகத் தொகுக்கும் பொறுப்பேற்று, இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ஆலோசனையை நாடினார். திகில் கதைகளால் மக்களை மிரட்டிப் புகழ்பெற்ற அந்தக் கலைஞர் இங்கே சொன்ன அறிவுரை எளியது. காட்சிகளை வெட்டாமல், நீளமாக, தொடர்ச்சியாகக் காட்டுங்கள். பிணக்குவியலும் அதைப் பார்த்து நிற்கும் மனிதர்களும் ஒரே காட்சியில் வரட்டும். இல்லையேல் இது ஏமாற்று வேலை என்று பின்னால் சொல்லிவிடுவார்கள் என்றார். புனைவின் ஆற்றலை முற்றும் அறிந்தவர் ஆதலால், உண்மை எவ்வளவு எளிதில் புனைவென்று ஒதுக்கப்படும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அரசியல் காரணங்களால் அந்தப் படம் அப்போது கிடப்பில் போடப்பட்டு, 2014-இல்தான் முழுமை பெற்று வெளிவந்தது.

இறந்தவர்களுக்கு எஞ்சியிருப்பது சாட்சியம் ஒன்றே. அவர்கள் எழுந்து வந்து "எனக்கு இது நடந்தது" என்று சொல்ல இயலாது. படமும் ஏடும்தான் அவர்களுக்காகப் பேச வேண்டும். படம் என்றாலே சந்தேகம் என்ற நிலை வருமானால், முதலில் வாயடைக்கப்படுகிறவர்கள் அவர்களே. இன்று கணினியின் செயற்கை நுண்ணறிவு, பேசாதவர் பேசியதாகவும் நடக்காதது நடந்ததாகவும் ஒரு நொடியில் படம் தயாரித்துவிடுகிறது. அதனால் கொடுமை செய்தவரும், மெய்யான படத்தைக் காட்டி, "இதுவும் அப்படித் தயாரித்ததுதான்" என்று நழுவிவிட வழி பிறந்திருக்கிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது சந்தேகப் பிராணிகளாக இருங்கள் என்பதற்காக அன்று. எதையும் நம்பாதவனுக்கு விசாரிக்கும் உழைப்பு மிச்சம். எல்லாவற்றையும் நம்புகிறவனுக்கும் அது மிச்சம். இருவரும் ஒரே சோம்பலின் இரு பிள்ளைகள். பொய்ச்சான்று கூறலாகாது என்னும் எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டில் நிற்பவருக்கு மட்டும் உரியதன்று. கையிலுள்ள செல்பேசியில் வந்த ஒரு காட்சியை நால்வருக்கு அனுப்பும்போது நாமும் அந்தக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறோம். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "படமே வந்திருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில், என்னிடம் படித்த ஒருவரைச் சந்தித்தேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. "சார், நீங்கள் சொன்ன லெம்மிங் கதையை என் மகளுக்கும் சொல்லியிருக்கிறேன்" என்றார் மகிழ்ச்சியோடு. அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாமல் சற்று நேரம் பேசாதிருந்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். ஊரோடு ஓடாதே என்று உங்களுக்குக் கற்பித்த நானே, ஊரெல்லாம் சொல்கிறதே என்று அந்தக் கதையை நம்பி ஓடியிருக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அப்படியானால் இனி அந்தக் கதையை மகளிடம் சொல்லலாமா கூடாதா, சார்?" என்று கேட்டார்.

சொல்லலாம் என்றேன். ஆனால் முதலில் "ஒரு கதை சொல்கிறேன்" என்று தொடங்குங்கள். கதையைச் சொல்லி முடித்த பிறகு, அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பெண் எழுந்து, "இது உண்மையா, அப்பா?" என்று கேட்டால் அவளை உட்கார வைத்துவிடாதீர்கள் என்றேன்.